மணலை ஆராய்ந்த மேதை ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ்

(இரண்டாம் ஆண்டு எம்.எஸ்ஸி., இயற்பியல்)

இயற்பியல் பயிலும் நம்முள் ரெனால்ட்ஸ் என்ற பெயரைக் கேளாதவர் இரார். தேர்வில் அடிக்கடி வரும் இரண்டு மதிப்பெண் வினாக்களுள் ரெனால்ட்ஸ் எண் என்றால் என்ன என்பதும் ஒன்று. நீர்மத்தின் அடர்த்தி, அதன் திசைவேகம், அது ஓடும் குழாயின் விட்டம் ஆகிய மூன்றையும் பெருக்கிப் பாகுநிலையால் வகுத்தால் அந்த எண் வந்துவிடும். இரண்டு மதிப்பெண்ணும் வந்துவிடும். அதோடு அம்மனிதரை மறந்துவிடுகிறோம். பிற துறைகளில் பயிலும் நண்பர்களுக்கு அந்த அளவு அறிமுகமும் இருக்க நியாயமில்லை.

நான் அவரைத் தேடிப் போனது அந்த எண்ணுக்காக அன்று. எங்கள் துறைக் கருத்தரங்கில் ஒரு விந்தையான கலவையைப் பற்றிப் பேசும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. சிலிக்காவின் நானோ துகள்களைக் கிளைக்கால் என்ற நீர்மத்தில் நிறையக் கலந்து செய்வது அது. மெல்லக் கலக்கினால் தேனைப்போல் இளகி ஓடும். ஓங்கி அடித்தால் அக்கணமே கல்லாகும். அடி நின்றதும் மறுபடி இளகிவிடும். தகைவுற்றால் கெட்டிப்படும் நீர்மம் என்று இதைச் சொல்லலாம். இதன் முன்வரலாற்றைத் தேடிப் பின்னோக்கிப் போனால் நூலுக்கு நூல், கட்டுரைக்குக் கட்டுரை ஒரே பெயர் வந்து நின்றது. குழாயில் நீர் விட்ட அதே ரெனால்ட்ஸ், 1885-ஆம் ஆண்டில் கையில் ஒரு ரப்பர்ப் பையோடு நின்றார். பையினுள் இருந்தவை மணலும் நீரும். அந்த ரெனால்ட்ஸின் வரலாற்றையே இங்குச் சொல்ல விழைகிறேன்.

ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் 1842-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 23-ஆம் நாள் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் பிறந்தார். தந்தையாரின் பெயரும் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ்தான். அவர் கிறித்துவ சமயகுரு. கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றவர். பள்ளித் தலைமையாசிரியராகப் பணியாற்றியவர். உழவுக் கருவிகளைச் செப்பம் செய்து அவற்றுக்கு உரிமம் பெறும் அளவுக்குக் கைத்தொழிலிலும் நாட்டம் உடையவர். இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதியில் டெடம் என்னும் ஊரில் அவர் தலைமையாசிரியராக இருந்தார். மகனின் இளமைக் கல்வி அவரிடமே நடந்தது. ஒரு கையில் கணிதம், மறு கையில் இரும்புக் கருவி என்று இருந்த அந்த வீட்டின் சாயல் மகனிடம் கடைசிவரை மாறவில்லை.

படிப்பில் வல்லவரான மகன் நேரே பல்கலைக்கழகம் போயிருக்கலாம். போகவில்லை. 1861-இல், பத்தொன்பது வயதில், ஸ்டோனி ஸ்டிராட்போர்டு என்னும் ஊரில் எட்வர்டு ஹேஸ் என்பவரின் பொறிப் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தார். அங்கே நீராவிப் பொறிகளும் படகுகளும் செய்யப்பட்டன. கையில் எண்ணெய்க் கறையோடு பழகிய பொறிகள் ஏன் அப்படி இயங்குகின்றன என்று அறியக் கணிதம் வேண்டும் என்று தோன்றிய பிறகே கேம்பிரிட்ஜுக்குப் போனார். குயின்ஸ் கல்லூரியில் பயின்று 1867-இல் கணிதச் சிறப்புத் தேர்வில் ஏழாம் இடம் பெற்றார். சிறிது காலம் இலண்டனில் கட்டுமானப் பொறியாளர்களிடம் வேலை பார்த்தார்.

1868-இல் மான்செஸ்டரின் ஓவன்ஸ் கல்லூரியில் பொறியியலுக்கென்று தனிப் பேராசிரியர் பதவி ஒன்று புதிதாக ஏற்படுத்தப்பட்டது. அந்நகரத் தொழிலதிபர்களே அதற்குப் பொருள் திரட்டினர். பருத்தி ஆலைகளின் தலைநகரம் அது. பொறியியலின் அருமை அவர்களுக்கு ஒருவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருபத்தைந்து வயது ரெனால்ட்ஸ் விண்ணப்பித்தார், அவருக்கே கிடைத்தது. அன்று தொடங்கி 1905 வரை முப்பத்தேழு ஆண்டுகள் அந்த ஒரே பதவி. சேர்ந்த ஆண்டிலேயே சார்லட் சாட்விக் என்பவரை மணந்தார். ஓராண்டுக்குள் அம்மையார் காலமானார். மறுமணம் 1881-இல்தான். இடைப்பட்ட அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் எழுதிக் குவித்தது கொஞ்சமன்று.

ஆசிரியராக அவர் எப்படி? பிற்காலத்தில் எலக்ட்ரானைக் கண்டறிந்த ஜே. ஜே. தாம்சன் ஓவன்ஸ் கல்லூரியில் இவரிடம் பயின்றவர். அவர் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதிய செய்தி இது. ரெனால்ட்ஸ் வகுப்புக்கு அங்கியை மாட்டியபடியே தாமதமாக ஓடி வருவாராம். மேசைமேல் கிடக்கும் பாடநூலை எடுத்து ஏதோ ஒரு பக்கத்தைப் புரட்டி, அதில் உள்ள ஒரு வாய்பாடு தவறு என்பாராம். அதை மெய்ப்பிக்கக் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் மாணவர் பக்கம் திரும்புவதே இல்லை. எழுதுவார், தமக்குள் முணுமுணுப்பார், அழிப்பார், மறுபடி எழுதுவார். மணி அடிக்கும் நேரத்தில் நூலாசிரியர் எழுதியதே சரி என்ற முடிவுக்கு வந்து சேர்வார்! தேர்வுக்குக் குறிப்பெடுக்கும் மாணவனுக்கு இது பெருந்துன்பம். ஆனால் ஒரு மேதை எவ்வாறு சிந்திக்கிறார் என்பதை நேரில் காணும் பேறு அது என்பது தாம்சனின் எண்ணம். இதைப் படிக்கும் பேராசிரியப் பெருமக்கள் இவ்வழியைப் பின்பற்றிவிட வேண்டாம் என்று மட்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

1870-களில் அவர் கைவைக்காத துறை இல்லை எனலாம். கப்பலின் உந்துசுழலி ஏன் சில வேளை வெறுமையாகச் சுழல்கிறது, மழை பெய்தால் கடலலை ஏன் அடங்குகிறது, தொலைவில் எழும் ஒலி காற்றில் எவ்வாறு வளைகிறது, வால்மீனின் வால் எதனால் ஆனது என்றெல்லாம் எழுதினார். பலவற்றில் பிறர் எழுதியதைப் படிக்கும் முன்பே தாமாகச் சிந்தித்துவிடுவது அவர் வழக்கம். 1877-இல் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். இவற்றை விரித்தால் ஆண்டு மலரில் மற்றவர்க்கு இடமிராது.

1883-ஆம் ஆண்டுச் சோதனையைச் சொல்லாமல் விடவும் முடியாது. ஆறடி நீளத் தொட்டி; அதன் பக்கங்கள் கண்ணாடி. உள்ளே கண்ணாடிக் குழாய், அதன் வாய் எக்காளம்போல் விரிந்தது. அவ்வாயினுள் மெல்லிய சாயக்கோடு ஒன்றை விட்டார். வேகம் குறைந்திருந்தபோது சாயம் மயிரிழைபோல் நேராகக் குழாயின் கடைசி வரை போயிற்று. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனபோது ஒரு கட்டத்தில் அந்த இழை திடீரெனக் கலைந்து குழாய் முழுவதும் நிறம் பரவிற்று. மின்பொறியின் கண நேர ஒளியில் பார்த்தால் அந்தக் கலக்கத்துள் தனித்தனிச் சுழல்கள் தெரிந்தன. வரிச்சீர் ஓட்டமும் சுழற்சி ஓட்டமும் பிரியும் இடத்தை ஒரே எண்ணால் குறிக்கலாம் என்று காட்டினார். அந்த எண்ணுக்கு அவர் பெயரை 1908-இல் சூட்டியவர் செருமானிய அறிஞர் சாமர்பெல்டு. அந்தக் கருவி மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இன்னும் காக்கப்படுகிறது. நூறாண்டு கழிந்த பின் அதே கருவியில் சோதனை செய்து பார்த்தவர்கள், ரெனால்ட்ஸ் எட்டிய 13,000 என்ற உயர்ந்த எண்ணை எட்ட முடியவில்லை. காரணம், தெருவில் ஓடும் இக்கால வண்டிகளின் அதிர்வு! குதிரை வண்டிக் காலத்து அமைதியும் அந்தச் சோதனையில் ஒரு பங்கு வகித்திருக்கிறது.

இனி மணலுக்கு வருவோம். என் நோக்கில் ரெனால்ட்ஸின் வாழ்வில் மிக அழகிய பகுதி இதுதான். நம் பாடநூல்கள் ஒரு வரியும் எழுதாத பகுதியும் இதுதான்.

கடற்கரையில், அலை வந்து போன ஈர மணலில் நடந்திருப்பீர்கள். காலை ஊன்றியதும் பாதத்தைச் சுற்றிலும் மணல் சட்டென்று வெளுத்து உலர்ந்ததுபோல் ஆகும். காலை எடுத்தால் சுவட்டில் நீர் ஊறி நிற்கும். நாம் என்ன நினைக்கிறோம்? மிதித்ததால் நீர் பிழியப்பட்டு வெளியேறியது என்று. பிழிந்தால் நீர் மேலே அல்லவா வர வேண்டும்? ஈரத்துணியைப் பிழிந்தால் துணியின் மேற்பரப்பு உலர்வதில்லையே! கோடானு கோடிப் பேர் மிதித்து நடந்த மணலில் இந்த முரண்பாட்டை நின்று பார்த்தவர் ரெனால்ட்ஸ்.

அவர் கண்ட விளக்கம் எளியது. படியில் அரிசியைக் கொட்டிக் குலுக்கினால் அது அமர்ந்து நெருங்கும் அல்லவா? அலை புரட்டிப் போட்ட மணலும் அவ்வாறே நன்கு அமர்ந்து கிடக்கிறது. ஒவ்வொரு மணியும் கீழ் வரிசையின் பள்ளத்தில் பொருந்தியிருக்கிறது. இப்போது மேல் வரிசையை மட்டும் பக்கவாட்டில் நகர்த்த முயன்றால், மணிகள் தம் பள்ளத்தைவிட்டு எழுந்து அடுத்த மணியின் முதுகில் ஏற வேண்டும். ஆகவே மணல் முழுவதுமாக விரிகிறது. மணிகளுக்கிடையே உள்ள வெற்றிடம் பெருகுகிறது. அந்த வெற்றிடத்தை நிரப்ப மேற்பரப்பில் இருந்த நீர் உள்ளே உறிஞ்சப்படுகிறது. நம் பாதத்தைச் சுற்றி மணல் வெளுப்பது நீர் வெளியேறியதால் அன்று, உள்ளே போனதால். காலை எடுத்ததும் மணல் மீண்டும் அமர்கிறது. உறிஞ்சிய நீரை மேலே விடுகிறது.

இதை மெய்ப்பிக்க அவர் பயன்படுத்திய கருவிகளைக் கேளுங்கள்: ஒரு மெல்லிய ரப்பர்ப் பை, மணல் அல்லது ஈயக் குண்டுகள், நீர், ஒரு கண்ணாடிக் குழல். பையை மணலாலும் நீராலும் நிரப்பிக் குழலை வாயில் பொருத்தினார். பையை அமுக்கினால் குழலில் நீர் ஏறும் என்றுதானே எதிர்பார்ப்போம்? இறங்கிற்று! பிறகு குழலை எடுத்துவிட்டு, காற்று சிறிதும் இல்லாமல் வாயை இறுக மூடினார். இப்போது மணல் விரிய வேண்டுமென்றால் உள்ளே நிரப்ப மேலும் நீர் இல்லை. எனவே உள்ளழுத்தம் வீழ்கிறது. வெளியே உள்ள காற்றின் அழுத்தம் முழுவதும் பையின்மேல் ஏறி மணிகளை நெருக்குகிறது. ஒரு நொடிக்கு முன் களிமண்போல் குழைந்த பை கல்லாகிவிடுகிறது. நம் கல்லூரி போன்ற எந்த அரசுக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்திலும் இன்றைக்கே செய்து பார்க்கலாம். செலவு நூறு ரூபாயைத் தாண்டாது.

1885-இல் அபர்டீனில் கூடிய பிரித்தானிய அறிவியல் வளர்ச்சிச் சங்கத்தில் இதை அவர் வெளியிட்டார். அவ்வாண்டு முடிவதற்குள் கட்டுரை அச்சேறிற்று. அந்தப் பண்புக்கு டைலேட்டன்சி என்று பெயரிட்டார். விரிதன்மை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். கட்டடக்கலையில் மண்ணின் வலிமையை அளக்கும் பொறியாளர்கள் இன்றும் அச்சொல்லை வழங்குகிறார்கள்.

அடுத்த ஆண்டே, 1886-இல், அவருடைய இன்னொரு பெருங்கட்டுரை வந்தது. அது எண்ணெயைப் பற்றியது. பீச்சம் டவர் என்ற பொறியாளர் இரயில் பெட்டியின் அச்சு சுழலும் தாங்கிகளை, அதாவது பேரிங்குகளை, சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் ஊற்றத் தாங்கியின் மேற்புறம் ஒரு துளை இட்டார். அச்சு சுழன்றதும் எண்ணெய் அத்துளை வழியே மேலே பொங்கிற்று. தக்கையை அடித்து மூடினார். தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரமுளையை அடித்தார், அதுவும் மெல்ல மெல்ல வெளியே வந்தது. அழுத்தமானியைப் பொருத்தியபோது, தாங்கியின்மேல் ஏற்றிய பாரத்தின் சராசரி அழுத்தத்தைப்போல் இருமடங்குக்கு மேல் காட்டிற்று. அச்சுக்கும் தாங்கிக்கும் நடுவே எண்ணெய் ஒரு மெல்லிய ஆப்பு வடிவில் இழுக்கப்பட்டுத் தானே அழுத்தம் பெற்று, பாரம் முழுவதையும் தாங்குகிறது என்பதை ரெனால்ட்ஸ் கணக்கிட்டுக் காட்டினார். படலம் மெலிய மெலிய அதன் எதிர்ப்பு வளர்ந்துகொண்டே போகும். இதுவே ரெனால்ட்ஸின் மசகுச் சமன்பாடு. உலகில் சுழலும் பொறிகளின் தாங்கிகளை வகுப்போர் அதைக்கொண்டே தொடங்குகிறார்கள்.

1885-இல் மணல், 1886-இல் எண்ணெய். இவ்விரண்டும் தொடர்பற்ற இரு வேலைகள் என்றே ரெனால்ட்ஸும் கருதியிருக்க வேண்டும். ஒன்றை மற்றொன்றோடு இணைத்து அவர் எழுதியதை நான் எங்கும் காணவில்லை. நான் முதலில் சொன்ன நானோ கலவையில் அவை எவ்வாறு கைகோத்துக்கொண்டன என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன். அதற்கு முன் மணல் அவரை எங்கே இழுத்துச் சென்றது என்று பார்க்க வேண்டும். அது சற்றே வருத்தமான கதை.

மணல் மூட்டையை அவர் விளையாட்டுப் பொருளாகக் கருதவில்லை. ஒளி பரவ ஈதர் என்னும் ஊடகம் விண்வெளி எங்கும் நிறைந்துள்ளது என்று அக்கால அறிஞர் எல்லாரும் நம்பினர். கோள்கள் தடையின்றி ஊடுருவிச் செல்லும் அளவுக்கு அது மென்மையாகவும், ஒளி அலையைத் தாங்கும் அளவுக்கு விறைப்பாகவும் இருக்க வேண்டும். இவ்விரண்டும் ஒன்றில் அமைவது எப்படி? ரெனால்ட்ஸின் பையில் அமைந்திருந்ததே! ஈதர் என்பது எண்ணற்ற மிகச்சிறு மணிகளின் குவியல் என்றும், புவியீர்ப்பு என்பதும் விரிதன்மையின் விளைவே என்றும் அவர் எண்ணத் தொடங்கினார். இந்த எண்ணம் 1885-ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே முளைத்துவிட்டது.

நடுவே வேறு பணிகளும் நடந்தன. 1888-இல் இராயல் பதக்கம் பெற்றார். 1895-இல் சுழற்சி ஓட்டத்தைச் சராசரிகளாகப் பிரித்துக் கணக்கிடும் முறையை வகுத்தார். வானூர்தியின் இறக்கையையும் நீரணையின் மதகையும் கணிப்பொறியில் வடிவமைப்போர் இன்றும் அதைக்கொண்டே கணக்கிடுகின்றனர். 1897-இல் வெப்பத்தின் இயந்திரச் சமானத்தைத் தம் மாணவர் மூர்பியோடு சேர்ந்து மிகத் துல்லியமாக அளந்தார். ஆயினும் மனம் முழுவதும் மணிகளிலேயே இருந்தது. 1902-இல் கேம்பிரிட்ஜில் ஆற்றிய ரீடு சொற்பொழிவில் அக்கொள்கையை வெளியிட்டார். 1903-இல் பேரண்டத்தின் உள்ளியக்கம் பற்றிய அவருடைய நூல் வந்தது. அதன்படி விண்வெளி நீரைவிடப் பதினாயிரம் மடங்கு அடர்ந்த மணிக்குவியல். நாம் பருப்பொருள் என்று தொட்டுணர்வதெல்லாம் அக்குவியலில் உள்ள குறைகளே. உள்ளது இல்லாதது, இல்லாதது உள்ளது என்று தலைகீழாக்கிவிட்டார்! அந்நூலைத் தொடர்ந்து சென்று விளங்கிக்கொண்டவர் மிகச் சிலர்; ஏற்றுக்கொண்டவர் அதினும் சிலர்.

ஜான் காலியர் என்ற ஓவியர் 1904-இல் தீட்டிய அவருடைய உருவப்படம் ஒன்று உண்டு. அதில் ரெனால்ட்ஸின் கையில் இருப்பது சாயக்குழாயும் அன்று, எண்ணெய்த் தாங்கியும் அன்று. சிறு உருண்டைகள் நிறைந்த ஒரு கிண்ணம். தம் வாழ்நாளின் பணி அதுவே என்று அவர் கருதியதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

1905-இல் உடல்நலம் குன்றிப் பணி ஓய்வு பெற்றார். அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் உரிமப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்த இருபத்தாறு வயது இளைஞர் ஒருவர், ஈதர் என்ற ஒன்று தேவையே இல்லை என்று காட்டினார். ஐன்ஸ்டைனைத்தான் சொல்கிறேன். வியப்பு என்னவென்றால், அதே 1905-இல் அதே ஐன்ஸ்டைன் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில், நீர்மத்தில் சிறு உருண்டைகள் மிதந்தால் அதன் பாகுநிலை எவ்வளவு கூடும் என்றும் கணக்கிட்டிருந்தார். ரெனால்ட்ஸின் பேரண்ட மணிகளை ஒரு கையால் தள்ளிவிட்டு, நீரில் மிதக்கும் மெய்யான மணிகளை மறு கையால் எடுத்துக்கொண்டதுபோல் எனக்குத் தோன்றுகிறது. சாமர்செட் பகுதியில் வாச்செட் என்னும் கடலோர ஊரில் 1912 பிப்ரவரி 21-இல் ரெனால்ட்ஸ் காலமானார்.

அவருக்குப் பின் மணிகள் என்ன ஆயின?

மாச்சத்தும் படிகக்கல் தூளும் நீரில் செறிவாகக் கலந்திருக்கும்போது வேகமாகக் கலக்கினால் கெட்டிப்படுவதை 1938-இல் பிராய்ண்ட்லிக், ரோடர் என்ற இருவர் ஆராய்ந்து, அதற்கு ரெனால்ட்ஸின் சொல்லையே வழங்கினர். இதைச் செய்து பார்க்க விரும்பினேன். கடையில் கார்ன்ஃப்ளவர் என்று கேட்டால் கொடுப்பார்களே, அந்த மக்காச்சோள மாச்சத்தை வாங்கி, விடுதிச் சமையற்கூடத்துக் குண்டானில் இரண்டு பங்கு மாவுக்கு ஒரு பங்கு நீர்விட்டுக் கலந்தேன். விரலை மெல்ல விட்டால் இறங்குகிறது. ஓங்கிக் குத்தினால் முட்டி வலிக்கிறது. விடுதி நண்பர்கள் வரிசையில் நின்று குத்தினார்கள். சமையற்காரர் மட்டும் மாவு வீணாவதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது வேறொன்றை. குத்து விழும் கணத்தில், பளபளவென்றிருந்த மேற்பரப்பு அந்த இடத்தில் மட்டும் மங்கி உலர்ந்ததுபோல் ஆயிற்று. கை எடுத்ததும் மறுபடி பளபளத்தது. கடற்கரை மணலில் பாதத்தைச் சுற்றி வெளுத்த அதே வெளுப்பு! மணிகள் விரிய முயன்று நீரின் பரப்பைத் துளைத்துத் தலை நீட்டுகின்றன. அவற்றுக்கிடையே நீர் உள்வாங்குகிறது.

தொழிற்சாலைகளில் இப்பண்பு நெடுங்காலம் தொல்லையாகவே இருந்தது. தாளுக்குப் பூசும் கலவையும் வண்ணமும் வேகமாகச் செல்லும் உருளைகளுக்கிடையே திடீரென இறுகிப் பூச்சைக் கெடுத்தன, குழாயையும் அடைத்தன. 1972-இல் ஹாப்மன் என்ற ஆய்வாளர் அத்தகைய கலவைகளின்மேல் ஒளியைச் செலுத்திப் பார்த்து, மெல்ல ஓடும்போது துகள்கள் அடுக்கடுக்காக ஒழுங்குபட்டு ஓடுவதையும், ஒரு மாறுநிலை வேகத்தில் அந்த அடுக்குகள் குலைவதையும் கண்டார்.

நானோ சிலிக்காக் கலவையின் நடத்தையை இனிச் சொல்லலாம். வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் முதலில் பாகுநிலை குறைகிறது, கலவை இளகுகிறது. மாறுநிலை வேகத்தைத் தாண்டியதும் பாகுநிலை பத்து மடங்கு, நூறு மடங்கு என்று தாவுகிறது. வேகத்தைக் குறைத்தால் பழைய நிலைக்கே திரும்புகிறது. துகளின் செறிவு கூடக் கூட, இந்தத் தாவல் முந்தி வரும், கடுமையாகவும் வரும். துகள் சிறுத்தால் கெட்டிப்படத் தேவையான தகைவு மிகும். நானோ அளவில் ஒவ்வொரு துகளையும் வெப்பத்தின் பிரௌனியன் அசைவு ஓயாது உலுக்கிக்கொண்டே இருக்கிறது. துகளின் பரப்பில் உள்ள விலக்கு விசையும் அவற்றைப் பிரித்தே வைக்கிறது. இவ்விரண்டையும் வென்று துகள்களை நெருக்கினால்தான் கெட்டிப்படும். உருண்டைத் துகளானால் கலவையில் பாதியளவுக்குத் துகளே நிறைந்திருக்க வேண்டும். சுடரில் ஆவியாக்கிச் செய்யும் சிலிக்காவின் துகள்களோ கிளை விட்டுச் சங்கிலிபோல் ஒட்டியிருப்பவை. தம் பருமனைவிடப் பெரிய இடத்தை அடைத்துக்கொள்வதால் அவை சிறு அளவிலேயே வேலை காட்டுகின்றன. 2003-இல் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தாரும் அந்நாட்டுப் படைத்துறை ஆய்வகத்தாரும், ஏறத்தாழ 450 நானோமீட்டர்ச் சிலிக்கா உருண்டைகளை எத்திலீன் கிளைக்காலில் கலந்து கெவ்லார் துணியில் ஊறவைத்துத் தோட்டாவைத் தடுத்துப் பார்த்தனர். அதே எடையுள்ள வெறுந்துணி அடுக்கோடு ஒப்பிட, இது மெல்லியதாகவும் வளைந்து கொடுப்பதாகவும் இருந்தது. எடை குறைந்துவிட்டது என்று சில செய்தித்தாள்கள் எழுதியது மிகைதான்.

கெட்டிப்படுவது எதனால்? இங்கேதான் ரெனால்ட்ஸ் இருமுறை வருகிறார். 1985-இல், மணல் கட்டுரையின் நூறாவது ஆண்டில், பிரேடி, பாஸி என்ற இருவர் கணிப்பொறியில் துகள்களை ஓடவிட்டுப் பார்த்தனர். வேகம் மிகுந்தால் துகள்கள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. நடுவே உள்ள நீர்மம் மெல்லிய படலமாகிப் பிழியவும் முடியாமல் பிரிக்கவும் முடியாமல் அவற்றைக் கொத்துக்கொத்தாகப் பிணைக்கிறது என்றனர். படலத்தின் எதிர்ப்பைத் தருவது 1886-ஆம் ஆண்டின் மசகுக் கொள்கை. துகள்கள் தொட்டுக்கொள்வதே இல்லை என்பது இக்கட்சி. 2013, 2014 ஆண்டுகளில் வேறு சிலர் எதிர்க்கட்சி தொடங்கினர். போதிய தகைவு வந்ததும் படலம் அறுந்து துகளும் துகளும் நேரே உராய்கின்றன; உராய்ந்தபின் வழுக்கிச் செல்ல முடியாமல் முட்டிக்கொண்டு நிற்கின்றன, விரிய இடமின்றி இறுகுகின்றன என்றனர். இது 1885-ஆம் ஆண்டின் மணல் மூட்டை. வழக்கில் இரு தரப்பிலும் ரெனால்ட்ஸே வழக்குரைஞர்!

2015-இல் வெளியான ஒரு சோதனை இவ்வழக்கை எளிய தந்திரத்தால் விசாரித்தது. கெட்டிப்பட்டு ஓடும் கலவையின் ஓட்டத்தைச் சட்டென்று எதிர்த்திசைக்குத் திருப்பினர். படலத்தின் விசை என்றால் திசை திரும்பிய கணத்திலும் அது இருக்கும். தொட்டு உராயும் விசை என்றால், ஒன்றையொன்று அழுத்திய துகள்கள் அக்கணத்தில் விலகிவிடுவதால், அது மறைந்துபோகும். எதிர்ப்பக்கத்துத் துகளை முட்டிய பிறகே திரும்ப வரும். அளந்து பார்த்ததில், கெட்டிப்படும்போது மிகுந்த விசையின் பெரும்பகுதி திசை திரும்பிய கணத்தில் மறைந்துவிட்டது. எண்ணெய்ப் படலத்தின் பங்கு அடியில் மாறாமல் இருந்தது. மேலே ஏறிய கெட்டிப்பு மணலுடையது. அச்சோதனை சில மைக்ரோமீட்டர் அளவுள்ள துகள்களில் செய்யப்பட்டது. நூறு நானோமீட்டருக்கும் கீழே, வெப்ப அசைவு ஓங்கியிருக்கும் துகள்களில் பங்கு பிரிவது எவ்வாறு என்ற ஆய்வு தொடர்ந்து நடக்கிறது.